நகக்கண் அளவுக் காயம்

ஞானசுந்தரி என்ற பெயரை ராசாத்தி முதன்முதலில் கேட்டது எண்பத்து மூன்றாம் வருஷம், அவள் புருஷன் காளியப்பனின் வயிற்றில் கத்தி இறங்கிய அன்று. காப்பி எஸ்டேட்டுக்கு இருவரும் வேலைக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. நிழல் மரத்தில் கிளை கழித்தவன் வழுக்கி விழுந்து, தன் கத்திமேலேயே சாய்ந்துவிட்டான். வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள்.

"டிஸ்பென்சரிக்கு ஓடு புள்ள. ஞானசுந்தரி நர்சம்மாவக் கூட்டியா" என்று பக்கத்து வீட்டார் துரத்தினார்கள்.

ராசாத்தி விழுந்தடித்து ஓடி, நர்சோடு திரும்பினாள். காளியப்பன் சுவரில் சாய்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். காயம் நகக்கண் அளவுதான். ரத்தமும் அதிகமில்லை.

"இதுக்குப் போயி அவிங்கள இழுத்துட்டு வந்தயாக்கும்? ஒரு தையல் போட்டாப் போச்சு."

நர்சம்மா பீடியைப் பிடுங்கி எறிந்தார். காயத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"வயித்த எளக்கமா உடு சாமி."

"எளக்கமாத்தானுங்க உட்டிருக்கறன்."

வயிறு பலகையாக விறைத்திருந்தது. மெல்ல அழுத்திச் சட்டென்று கையை எடுத்ததும் காளியப்பன் துடித்துப்போனான். நாடியோ குதிரை ஓட்டம்.

"குடலு பொத்துப்போச்சு. உடனே சேலம் போகோணும், ஜீப்ப எடுங்க" என்றார், வேடிக்கை பார்க்க வந்த எஸ்டேட் ரைட்டர் தேவசிகாமணியிடம்.

ரைட்டர் சிரித்தார். "இதுக்கு ஜீப்புன்னா, கால்ல முள்ளுக் குத்துனா ஏரோப்பிளேனுங்களா?"

"நீங்களே தொட்டுப் பாருங்க."

தொட்டார். சிரிப்பு அப்படியே நின்றது. சாவி எடுக்க ஓடினார்.

மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஹாரனை விடாமல் அடித்தபடி ஜீப் இறங்கியது. பாதி வழியில் காளியப்பனின் உதடு வெளுத்தது. தண்ணீர் கேட்டான். ராசாத்தி தூக்குப்போசியின் மூடியைத் திறந்தாள்.

"ஒரு மடக்கும் வேண்டாங் கண்ணு" என்று நர்சம்மா தடுத்தார். "ஓட்டை வழியா ஒழுகி வயிறு பூராப் பரவும். மயக்கங் குடுக்கறப்ப வாந்தி வந்தா மூச்சே அடைச்சிரும்."

"தாகத்துக்குத் தண்ணி தராதவ ஒரு பொண்டாட்டியா?" என்று முனகினான் காளியப்பன்.

அவன் இன்னொரு முறை கேட்டால் தன் கை நிற்காது என்று ராசாத்திக்குத் தெரியும். முந்தானை நுனியை நனைத்து அவன் உதட்டைத் துடைத்தாள். மிச்சத் தண்ணீரை அப்படியே ரோட்டில் கவிழ்த்துவிட்டாள்.

அடிவாரம் தாண்டி, சேலம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் அவனை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிப் போனார்கள். இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார்.

"சிறுகுடல்ல ரெண்டு ஓட்டை. உள்ளுக்குள்ளயே ரத்தம் கொட்டியிருக்கு. தச்சாச்சு, பொழச்சுக்குவாரு. தண்ணிகூடக் குடுக்காமக் கூட்டிவரச் சொன்னது யாரும்மா?"

ராசாத்தி நர்சம்மாவைக் கைகாட்டினாள்.

பதினாலாம் நாள் காளியப்பன் நடந்தே பஸ் ஏறினான். ஞானசுந்தரி அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருஷம் அதே டிஸ்பென்சரியில் வேலை பார்த்தார். இப்போது மஞ்சக்குட்டையில், தங்கை லூர்துசெல்வியின் மூத்த மகள் வீட்டில் இருக்கிறார்.