வாயைப் பார்த்துச் சோறு போட்டவள்

என் அண்ணன் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். நர்சுக்குப் படிக்கிறவள். நிமிர்ந்து நின்றால் கொசுவலைக் கம்பியில் தலை இடிக்கும். அதனால் வார்டு முழுக்க அவளுக்கு நெட்டை சிஸ்டர் என்றுதான் பேர். கூப்பிட்டால் கோபப்பட மாட்டாள். “மேல காத்து நல்லா வருது, நீங்கதான் பாவம்” என்பாள். லாரி ஓட்டுகிறவர் மகள். வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்தவள். அண்ணனை அப்பா என்பாள், அண்ணியை அம்மா என்பாள். “அவர் அப்பான்னா நீங்க அத்தைதானே!” என்று வந்த அன்றே என்னையும் சொந்தமாக்கிக்கொண்டாள்.

எலும்புக்குத் தகடு வைத்துத் தைத்தாயிற்று. அது கூடிக்கொண்டிருந்தது. ஆனால் படுத்தபடியே கிடந்ததில் முதுகுக்குக் கீழே ஒரு புண் வந்துவிட்டது. அதுதான் ஆறவேயில்லை. பெரிய டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“அடுத்த வாரமும் இப்படியே இருந்தா வெட்டித்தான் மூடணும். போன ஆபரேஷன்லயே இவர் இதயம் தடுமாறிச்சு. இன்னொண்ணைத் தாங்குவாரான்னு என்னால சொல்ல முடியாது.”

அண்ணி நடைபாதைச் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு ஆண்டவனைக் கூப்பிடுவதைத் தவிர வேறென்ன தெரியும்? கூப்பிட்டேன்.

புண் ஆறச் சத்து வேண்டும் என்று அண்ணனுக்குத் தனித் தட்டு போட்டிருந்தார்கள். சோறு, கெட்டிப் பருப்பு, அவித்த முட்டை, பால், பழம். தட்டு ஒவ்வொரு வேளையும் துடைத்து வைத்தது மாதிரி காலியாகத் திரும்பும். நெட்டை சிஸ்டர் ‘முழுதும் சாப்பிட்டார்’ என்று எழுதுவாள். ஆனால் நாற்காலித் தராசில் உட்கார வைத்தால் எடை இறங்கியிருக்கும்.

“இவர் சாப்பிடுறதெல்லாம் எங்கதான் போகுது?” என்று தராசைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

வேலை முடிந்து சாயங்காலம் மட்டும்தான் நான் போவேன். ஒரு விடுமுறை நாளில் மத்தியானமே போனேன். நர்சுக்குப் படிக்கிற மற்றப் பெண்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். நெட்டை சிஸ்டர் மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டி, அடுத்த கட்டிலில் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

தட்டு வந்தது. அண்ணன் ரெண்டு கரண்டி பருப்பு சாப்பிட்டார். முட்டையை எடுத்து அண்ணியின் கையில் திணித்தார்.

“சீக்கிரம் போடு வாயில.”

“இன்னிக்காவது நீங்க தின்னுங்களேன்.”

“திங்கிறியா, இல்ல ஊட்டிவிடவா?”

அண்ணி முட்டையை வாயில் போட்ட நேரம் நெட்டை சிஸ்டர் திரும்பினாள். அண்ணியால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

“முதல்ல மென்னு முழுங்குங்கம்மா, அடைச்சுக்கப் போகுது” என்று தண்ணீரை நீட்டினாள்.

அண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அவளை ஒண்ணும் சொல்லாதே! காலையில இருந்து வெறும் டீயோட நிக்கிறா. அவ பார்த்துட்டு நிக்க, நான் முட்டை முழுங்கணுமா? தொண்டையில இறங்குமா?”

அவள் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “சின்ன வயசுல கத்தரிக்காயை எல்லாம் தம்பி தட்டுல தள்ளிட்டு, காலித் தட்டைக் காட்டி அம்மாகிட்ட நல்ல பேர் வாங்கினவ நான். என்கிட்டயே இந்த வேலையா?” என்று சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கியிருந்தது.

பிறகு அண்ணனிடம் சொன்னாள்: “கொத்தனாருக்கு நான் சொல்லணுமா? முட்டை, பருப்பு, பால், மீன் எல்லாம் செங்கல். செங்கல் வராம எங்கிருந்துப்பா சுவர் எழும்பும்? சோறுதான் சுவர் கட்டுறவனோட சாப்பாடு. அதையும் குறைச்சா, பசி தாங்காம அவன் செங்கலையே வித்துத் தின்னுடுவான். உங்க உடம்புல இப்ப அதுதான் நடக்குது.”

“பழம்?”

“சிமெண்டு.”

அண்ணன் அண்ணி பக்கம் திரும்பினார். “மேஸ்திரி ஆகியிருக்க வேண்டியவ” என்றார்.

அவளுடைய டீச்சரம்மா மாணவிகளோடு வந்தபோது நடந்ததுதான் என்னை உலுக்கியது. டீச்சரம்மா கண்டிப்பானவர். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் தொப்பியைச் சரி செய்வார்கள். யாரும் கேட்காமலே நெட்டை சிஸ்டர் முன்னால் வந்தாள்.

“இவர் எடை இறங்கினதுல தப்பு என்னோடது மேடம். நான் தட்டைப் பார்த்தேன், வாயைப் பார்க்கலை.”

“அப்ப இத்தனை நாள் எழுதினது?”

“பொய் மேடம். தெரியாம எழுதின பொய்.”

டீச்சரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். “எழுதினதை அடிச்சுத் திருத்தாதே. கீழே உண்மையை எழுது” என்று மட்டும் சொன்னார். அந்த வயதில் எல்லோர் முன்னாலும் அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு எழுந்திருக்காது.

அண்ணி சாப்பிடாமல் அண்ணன் சாப்பிட மாட்டார் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. சோதனைக்காகவோ ஆபரேஷனுக்காகவோ வெறும் வயிற்றோடு வைத்திருக்கும் நோயாளிகளுக்கும் சமையலறையிலிருந்து தட்டு வந்து, தொடாமலே திரும்பிப் போகும். பெரிய சிஸ்டரிடம் கேட்டு அப்படி ஒரு தட்டை அண்ணிக்கு வாங்கித் தந்தாள். அண்ணி முதலில் சாப்பிட வேண்டும், அண்ணன் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அப்புறம்தான் அவர் தட்டு.

அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, முட்டையை மசித்துப் பருப்புச் சோற்றில் கலந்து, சின்னக் கரண்டியால் கொடுப்பாள். பாலில் பால்பவுடரும் கலப்பாள். ஒரேயடியாகத் திணிக்க மாட்டாள். கொஞ்சம் கொடுப்பாள், போவாள், மறுபடி வருவாள். ஒவ்வொரு வாய்க்கும் தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். கோயில் விளக்கை அணையாமல் பார்க்கிறவர்கள் அப்படிப் பார்ப்பார்கள்.

டாக்டர் சொன்ன நாள் வந்தது. அண்ணனைக் குப்புறத் திருப்பினார்கள். கட்டைப் பிரித்தார்கள். அண்ணி என் கையை நெரித்தாள். டாக்டர் குனிந்து, உறை போட்ட விரலால் புண்ணின் ஓரத்தைத் தொட்டார்.

“நல்லா சிவந்து வருது. கத்தி வேண்டாம்.”

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் போன பிறகு நெட்டை சிஸ்டர், “பயமில்லேன்னா வந்து பாருங்க அத்தை” என்றாள்.

பார்த்தேன். குழியாக, மஞ்சள் பூத்துக் கிடந்த இடத்தில் பொடிப் பொடி மணிகளைக் கோத்தது போலப் பிஞ்சுச் சதை. வாய் எங்கே இருக்கிறது, முதுகு எங்கே இருக்கிறது! வாயில் போட்ட முட்டைக்கு இந்த இடத்துக்கு வழி காட்டியது யார்?

“இதைப் படிச்சு, பரீட்சை எழுதிப் பாஸும் பண்ணிட்டேன் அத்தை” என்றாள் அவள் மெல்ல. “ஆனா நேர்ல பார்த்தா, படிச்சதெல்லாம் மறந்து வாயைப் பிளந்து நிக்கிறேன்.”

என் கைகள் தாமாகக் குவிந்தன. அவள் பதறிவிட்டாள். “ஐயோ அத்தை, என்னைப் போய்க் கும்பிடாதீங்க!”

“உன்னை இல்லம்மா” என்றேன்.

அவள் அசடு வழியச் சிரித்தாள். அவளையும் சேர்த்துத்தான் என்று எனக்கு அப்புறம் தோன்றியது. சொல்லவில்லை. புதுக் கட்டு ஒட்ட அவளுக்கு இன்னொரு கை வேண்டியிருந்தது. அவள் காட்டிய ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.