இன்ஜின் ஓடும்போது கேட்காத குரல்

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'உஷ் அண்ணன்' என்றால்தான் ஊருக்குத் தெரியும். பெட்ரோல் பங்கை ஒட்டியிருந்த அவருடைய கடைக்குள் யார் காலெடுத்து வைத்தாலும், வாங்க என்று சொல்வதற்கு முன்னால் உதட்டில் விரலை வைத்து "உஷ்!" என்பார். கார் ரேடியோ பழுது பார்க்கிறவருக்குக் காதுதான் முதல் கருவி, திருப்புளியெல்லாம் அப்புறம்தான் என்பது அவர் கொள்கை.

"கல்யாணமாகி என்கிட்டப் பேசின முதல் வார்த்தையே உஷ்தான். எதிர்வீட்டு ரேடியோ கரகரன்னு பாடிட்டிருந்துச்சு. அதுக்கு என்ன நோவுன்னு கேட்டுட்டிருந்தாராம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் அவர் மனைவி. அவரும் அதே கடையில்தான் இருந்தார். பாதிக் கடையில் தையல் மெஷினைப் போட்டுக் கார் சீட்டுகளுக்கு உறை தைப்பார். கணவர் கையைத் தூக்கினால் மெஷின் நிற்கும், இறக்கினால் ஓடும்.

இன்ஜினை ஓட விட்டதும் ரேடியோவில் கரகரப்பு வரும் வண்டிகள்தான் அவரிடம் அதிகம் வரும். பெட்ரோல் இன்ஜினில் ஒவ்வொரு முறை தீப்பொறி விழும்போதும், அந்தப் பொறியே ஒரு குட்டி ரேடியோ நிலையம் மாதிரி நாலாபக்கமும் சத்தத்தைக் கிளப்பிவிடும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கரகரப்பும் வேகம் பிடிக்கும். அது எந்த ஒயரிலிருந்து கசிகிறது என்று கண்டுபிடித்து அடக்குவதில் அவர் கெட்டிக்காரர்.

ஆனால் கொஞ்ச நாளாக ஏதோ சரியில்லை. மனைவி பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. செல்போனில் வைத்த அலாரம் அடித்து ஓய்ந்த பிறகும் படுத்தே கிடந்தார். "காதுல என்ன பஞ்சா வச்சிருக்கீங்க?" என்று மனைவி கேட்டால், "ஏதோ நினைப்புல இருந்துட்டேன்" என்று மழுப்பிவிடுவார். அவருக்கே உள்ளுக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. அதை எடுத்துப் பார்க்க மனம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நர்சம்மா வந்தார். மலைமேல் இருக்கும் குடியிருப்புகளுக்குப் பிரசவம் பார்க்கப் போகிறவர் அவர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவருக்கு ஒரு பழைய பெட்ரோல் காரைக் கொடுத்திருந்தார்கள். மலையில் செல்போன் எடுக்காது என்பதால் வண்டியில் ஒரு வயர்லெஸ் செட்டும் வைத்திருந்தார்கள்.

"அண்ணே, வண்டி ஓடும்போது இதுல ஒண்ணுமே புரியலண்ணே. எண்ணெயில கடுகு போட்ட மாதிரி பொரியுது. நிறுத்தி இன்ஜினை அணைச்சாத்தான் கேக்குது. போன வாரம் பிரசவ வலி வந்த ஒரு வீட்டைத் தாண்டிப் போயிட்டேன். என்னைத்தான் கூப்பிட்டுட்டே இருந்திருக்காங்க. எனக்குக் கேக்கல. அந்தப் பொண்ணு பிழைச்சது அவ அதிர்ஷ்டம்."

சொல்லும்போது நர்சம்மாவின் விரல்கள் சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டே இருந்தன.

"சாயங்காலம் வாங்கம்மா. பார்த்து வைக்கிறேன்" என்றார் உஷ் அண்ணன்.

இன்ஜினை ஓட விட்டு முதலில் ஆன்டெனா ஒயரைக் கழற்றினார். கரகரப்பு அடங்கியது. அப்படியானால் சத்தம் பேட்டரி ஒயர் வழியாக வரவில்லை, காற்றில் பரவி ஆன்டெனாவில் ஏறுகிறது. சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றை எந்த நிலையமும் இல்லாத இடத்தில் திருப்பி வைத்துக்கொண்டு, மோப்பம் பிடிக்கிற மாதிரி பானெட்டுக்குள் இங்கும் அங்கும் நீட்டினார். தீப்பொறி போடும் பிளக்குகளின் ஒயர்களுக்குப் பக்கத்தில் அது பலமாகக் கத்தியது. ஒயர்கள் வெடித்துப்போயிருந்தன. அவற்றையும், பொறிக்கு மின்சாரம் தரும் காயிலிலிருந்து வரும் நடு ஒயரையும் மாற்றினார். பழைய பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கரகரப்பை அடக்க உள்ளேயே ரெசிஸ்டர் வைத்த பிளக்குகளைப் போட்டார். சத்தத்தை உறிஞ்சக் காயிலில் ஒரு கண்டன்சரைச் சேர்த்தார். துருவைச் சுரண்டி, பானெட்டையும் பாடியையும் ஒரு பட்டை ஒயரால் இணைத்தார்.

இன்ஜினை மறுபடி ஓட விட்டு, வயர்லெஸ்ஸில் சுகாதார நிலையத்தைக் கூப்பிட்டார். ஆபரேட்டரின் குரல் கணீரென்று கேட்டது.

"கரகரப்பு போச்சு!" என்று கையைத் தட்டினார்.

வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு உறையில் மடிப்பு எடுத்துக்கொண்டிருந்த மனைவி ஊசியை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அந்தக் குரலுக்கு அடியில மெலிசா சுள்ளு சுள்ளுன்னு வருதே, அது என்ன?"

"எது?"

"அதோ, இப்பக்கூட வருதே."

அவர் ஸ்பீக்கரிடம் காதைக் கொண்டுபோனார். ஆபரேட்டரின் குரலைத் தவிர எதுவும் இல்லை. "அது உன் மெஷின் சத்தமா இருக்கும்" என்றார்.

"மெஷின் நின்னுட்டு இருக்குங்க."

அதற்குள் நர்சம்மா வந்து வாசலில் நின்றார். மலையில் குவாரிப் பக்கமிருந்து அழைப்பு வந்திருக்கிறதாம், எந்த வீடு என்று வழியில் வயர்லெஸ்ஸில் சொல்வார்களாம், உடனே கிளம்ப வேண்டுமாம். "சரியாயிடுச்சாண்ணே?"

வெளியூர் வண்டிக்காரர்கள்கூட அவர் காதை நம்பித்தான் வருவார்கள். அந்தக் காது இப்போது கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? "சுத்தமா இருக்கும்மா" என்றார். வேற்று மனிதர் முன்னால் கணவரை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் மனைவி குண்டூசியை மறுபடி வாயில் கவ்விக்கொண்டார்.

கார் திருப்பத்தில் மறைந்ததும் மனைவி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவர் காதோரம் பிடித்தார். "ஓடுதா?"

"நின்னுபோச்சு போல."

மனைவி அதைத் தன் காதில் வைத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "ஓடுதுங்க. நல்லாவே கேக்குது."

உஷ் அண்ணன் நர்சம்மாவின் எண்ணுக்குப் போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

"சுகாதார நிலையத்துல சொல்லலாமே?"

"சொல்லி என்ன? அவங்க பேசறதுதானே அந்தம்மாவுக்குக் கேக்காது! வண்டில ஏறு."

கடையைப் பூட்டக்கூடத் தோன்றவில்லை. கருவிப் பையை மனைவியின் கையில் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். மலைச் சாலையில் ஒவ்வொரு வளைவிலும், கார் தடுப்புச் சுவரில் மோதிக் கிடப்பதுபோலவும், ஏதோ ஒரு வீட்டு வாசலில் யாரோ தலையில் அடித்துக்கொண்டு அழுவதுபோலவும் அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்கினார். "மெதுவாப் போங்க, நாமளும் போய்ச் சேர்ந்துடப் போறோம்" என்றார் மனைவி. அது அவர் காதில் விழுந்ததோ என்னவோ.

சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் கார் நின்றிருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு நர்சம்மா மைக்கை வாயருகே பிடித்துக்கொண்டிருந்தார்.

"மேல் குவாரியா, கீழ் குவாரியா? திருப்பிச் சொல்லுங்க!"

"கீழ் குவாரிங்க, கீழ் குவாரி. கடைசி வீடு. ரொம்ப நேரமா வலி. சீக்கிரம் போங்க."

நர்சம்மா நிமிர்ந்து உஷ் அண்ணனைப் பார்த்தார். கண்கள் சிவந்திருந்தன. "சுத்தமா இருக்குன்னு சொன்னீங்களேண்ணே! நான் மேல் குவாரிக்குத் திரும்ப இருந்தேன். ஏதோ சந்தேகம் வந்து நிறுத்தினேன்."

"எனக்குச் சுத்தமாத்தான் கேட்டுச்சும்மா. கோளாறு வண்டில மட்டும் இல்ல. என் காதுலயும் இருக்கு. கடையிலேயே தெரிஞ்சுது. சொல்ல வாய் வரல."

நர்சம்மா சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் முனகியது, இன்ஜின் பிடிக்கவில்லை. மறுபடியும் முனகல். ஒருவழியாக இருமிக்கொண்டே உயிர் வந்தது. மோட்டார் சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு இருவரும் காரில் ஏறிக்கொண்டார்கள். மனைவி முன்சீட்டில், ஸ்பீக்கரோடு காதை ஒட்டி வைத்துக்கொண்டு, பொரிகிற சத்தத்துக்கு நடுவே கிடைத்ததையெல்லாம் பொறுக்கிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

கடைசி வீட்டில் நர்சம்மா பையோடு உள்ளே ஓடினார். "இன்ஜினை அணைச்சுடாதீங்க. பேட்டரியை நம்ப முடியாது" என்று கத்திவிட்டுப் போனார்.

உஷ் அண்ணன் பானெட்டைத் தூக்கினார். கடையில் சிக்னல் பலமாக இருந்ததால் மிச்சமிருந்த சத்தம் அடியில் பதுங்கியிருந்திருக்கிறது. இங்கே குரல் மெலிந்ததும் அது தலைதூக்கிவிட்டது. அது அவருக்கு இப்போது புரிந்தது. ஆனால் எங்கிருந்து வருகிறது?

"ஆபரேட்டரைப் பேசிட்டே இருக்கச் சொல்லு."

"என்னத்தப் பேசறது?" என்று மறுமுனையிலிருந்து ஆபரேட்டர் திணறினார்.

"எதையாவது பேசுங்க தம்பி, எதிர்ல இருக்கறதப் படிங்க!" என்றார் மனைவி.

ஆபரேட்டர் அலமாரியில் இருந்த மருந்துகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார். உஷ் அண்ணன் காய்ந்த மரக்குச்சி ஒன்றை எடுத்து ஒயர்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்.

"இருக்கா?"

"இருக்கு."

"இப்ப?"

"இருக்கு. இன்னும் சுள்ளுங்குது."

காயிலிலிருந்து, பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குப் போகும் நடு ஒயரின் முனையில் குச்சியை வைத்து அழுத்தினார். அது உள்ளே இறங்கி உட்கார்ந்தது.

"போச்சு!" என்று மனைவி கூவினார்.

"நிஜமாவா? எனக்காகச் சொல்லாத."

"நிஜமாங்க. அவர் தொண்டையச் செருமறதுகூடக் கேக்குது."

உஷ் அண்ணன் அப்படியே மட்கார்டில் கையூன்றி நின்றார். புது ஒயரை மாட்டியவர் அவர்தான். முனை முழுதாக இறங்காமல் நடுவில் இடைவெளி விழுந்து, அந்த இடைவெளியில் பொறி தாண்டிக்கொண்டிருந்திருக்கிறது. முன்பெல்லாம் அப்படிப் பொறி தாண்டினால் பக்கத்தில் நின்றாலே சொடுக்குப் போடுகிற மாதிரி அவருக்குக் கேட்டுவிடும். ஒயரைக் கண்ணால் பார்க்க வேண்டிய தேவையே இருந்ததில்லை.

அப்போது நர்சம்மா கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். கையுறையெல்லாம் ரத்தம். "குழந்தை பிறந்துடுச்சு. தாய்க்கு ரத்தம் நிக்கல. மைக்கைக் கொடுங்க!"

இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆம்புலன்ஸ் கேட்டார். ஊசியைப் பற்றி டாக்டரிடம் ஏதோ கேட்டார். ஒவ்வொரு பதிலும் எழுத்தெழுத்தாக வந்து விழுந்தது. திருப்பிச் சொல்லச் சொல்லி அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மறுபடி உள்ளே ஓடினார்.

ஆம்புலன்ஸ் வந்துசேரும் வரை கணவனும் மனைவியும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே குழந்தை அழுகிறது என்று மனைவிதான் சொன்னார். அவருக்கு இன்ஜின் இரைச்சல்தான் கேட்டது. ஸ்ட்ரெச்சரில் அந்தப் பெண்ணைக் கொண்டுபோகும்போது அவள் கண்ணைத் திறந்து குழந்தையைத் தேடினாள். அதைப் பார்த்த பிறகுதான் அவர் எழுந்துபோய்ப் பானெட்டை மூடினார். அவள் பிழைத்துக்கொண்டாள் என்ற செய்தி இரண்டு நாள் கழித்து வந்தது.

திரும்பும் வழியில் நர்சம்மா வண்டியை நிறுத்தி, மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் அவர்களை இறக்கிவிட்டார். "கோபமில்லைன்னு பொய் சொல்ல மாட்டேண்ணே. காது போனா போகட்டும், அது வியாதி. அதை மறைச்சீங்க பாருங்க, அதான் தப்பு. நாளைக்கே காது டாக்டரைப் போய்ப் பாருங்க."

மறுநாளே போனார். கண்ணாடி அறைக்குள் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பரிசோதனையை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து அவர் வெகுநேரம் காத்திருந்தார். வெளியே, ஒவ்வொரு சத்தத்துக்கும் மின்னும் விளக்கைப் பார்த்தபடி கண்ணாடிக்கு அப்பால் நின்ற மனைவி அழுவதைப் பார்த்த பிறகுதான், பரிசோதனை பாதிக்குமேல் முடிந்துவிட்டது என்று புரிந்தது. கனத்த சத்தங்கள் கேட்கும், மெல்லிய கூர்மையான சத்தங்கள் இனி திரும்பி வராது என்றார் டாக்டர். காதில் மாட்டிக்கொள்ள ஒரு மெஷின் கொடுத்தார். அதைப் போட்டால் தட்டு வைக்கிற சத்தம் இடி மாதிரி இருக்கிறது என்று முதல் வாரம் முழுக்கப் புலம்பினார்.

வாடிக்கையாளர்களிடம் அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்: "எனக்குக் காது பாதிதான். வேலை நான் செய்வேன், கேட்டுச் சொல்றது வீட்டுக்காரம்மா." டாக்ஸிக்காரர் ஒருவர் தர்மசங்கடமாகச் சிரித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். இன்னும் சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள். நர்சம்மா மட்டும் வண்டியை வேறெங்கும் விடவில்லை.

இப்போதெல்லாம் எந்த வண்டியானாலும் சிக்னல் மெலிகிற இடம் வரை மனைவியோடு ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார். அதனால் சீட் உறைகள் எல்லாம் தாமதமாகின்றன. அப்படிக் கேட்டுச் சரிபார்த்த பிறகும் அவருக்கு நிம்மதி வருவதில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு, வண்டி திருப்பத்தில் மறையும் வரை ரோட்டிலேயே நிற்பார். "உள்ள வாங்க, நல்லாத்தான் இருக்கு, நான் கேட்டேன்" என்று மனைவி சத்தமாகச் சொன்ன பிறகுதான் கடைக்குள் வருவார்.