சுரங்கத்துக்குள் பிடித்த கை

கடலுக்கடியில் இருக்கும் அந்தச் சுரங்கத்தைப் பார்க்க ஆசைப்பட்டது நான்தான். தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்து, கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்த என்னைக் கட்டிக்கொண்ட என் கணவருக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. எனக்காகத்தான் ஸ்ரீ கெம்பாங்கான் நீச்சல் குளத்தில் மூச்சுக்கருவி மாட்டி டைவிங் பழகினார்.

போன விடுமுறையில் கிழக்குக் கரைத் தீவு ஒன்றுக்குப் போனோம். பவளப்பாறையைக் குடைந்து செல்லும் சுரங்கத்தில் வழிகாட்டி முதலில் நுழைந்தார். அடுத்து நான். எனக்குப் பின்னால் கணவர்.

உள்ளே ஒரு வளைவில் யாருடைய காலோ மணலைக் கிளறிவிட்டது. டார்ச் வெளிச்சம் பால்போல வெளுத்து, எதுவுமே தெரியவில்லை. கையைப் பின்னால் நீட்டினேன். ஒரு கை வந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டது. 'பயப்படாதீங்க' என்பதுபோல அழுத்தினேன். அதுவும் பதிலுக்கு அழுத்தியது. அப்படியே இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வெளிச்சத்தில் திரும்பிப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஒரு சீனப் பெண்.

கத்தினேன், குமிழிகள்தான் வந்தன. மறுபடி உள்ளே பாயப் போன என்னை வழிகாட்டி தடுத்தார். அவரே மறுமுனைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, யாரும் இல்லை என்று கையை ஆட்டினார். மேலே போகச் சொன்னார். அவசரமாக ஏறினால் உடம்புக்கு ஆபத்து என்பதால் பாதி வழியில் சற்று நேரம் நின்றாக வேண்டும். படகிலிருந்து இறங்கும் கயிற்றைப் பிடித்தபடி தொங்கினேன். மாமியாருக்குப் போன் போட்டு என்ன சொல்வேன் என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

படகில் கணவர் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்க போனீங்க? நீங்க செத்துட்டீங்கன்னே நெனச்சிட்டேன்லா!"

"வாசல்லயே வேற க்ரூப் நடுவுல புகுந்துட்டாங்க. உன் லைட்டும் தெரியல. பயந்து மேல வந்துட்டேன்." அவர் உதடு வெளுத்திருந்தது.

அந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டாள். தன் கூட்டத்தைத் தவறவிட்டதாகவும், 'அக்கா, நீங்கள் பிடிக்காவிட்டால் உள்ளேயே கிடந்திருப்பேன்' என்றும் மலாயில் சொல்லி அழுதாள்.

கணவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "என் கைன்னா நெனச்ச?"

அந்தப் பெண்ணின் பிடியிலிருந்து மெல்ல விலகினேன்.

திரும்பும் வழியில், காராக் மலைச்சாலையில் அவர் காரை ஓரம் கட்டினார். "நீ ஓட்டு. எனக்கு முடியல."

கிள்ளானில் எங்கள் வீடு வரை நான்தான் ஓட்டினேன். வழியெல்லாம் அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தார், அது எனக்கு அடையாளம் தெரியாமல் போனதை நம்ப முடியாதவர்போல.