கடல் இல்லாத முட்டை

நேற்று பக்கத்து வீட்டிலிருந்து பிறந்தநாள் கேக் ஒரு துண்டு வந்தது. வாயில் வைப்பதற்கு முன் மூக்கருகே கொண்டுபோனேன். "கேக்கைப் போயி மோந்து பாக்கியளே, யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாவ?" என்றாள் மனைவி. பழக்கம்தான். அது வந்த கதையை உங்களிடம் சொல்லலாம்.

உப்புக் கம்பெனி அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்த புதிது. கடலை ஒட்டிய எங்கள் தெருவில் பிலோமினா அக்கா இருந்தார். தோணியில் வேலை பார்த்த கணவர் இறந்தபின், தோணிக் கயிறும் பாய்மரத் துணியும் கிடந்த கொட்டகை சும்மா இருந்தது. அக்கா அதைத் தெருவுக்கே திறந்துவிட்டார். எல்லாரும் சேர்ந்து கோழி வளர்ப்போம், முட்டையை விற்றுப் பங்கிடுவோம் என்றார். மற்றவர்களுக்கு அது உபரி வருமானம். அக்காவுக்கு அப்படியில்லை. இது தேறாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு மாப்பிள்ளையூரணியில் தம்பி வீட்டு ஓர் அறையில் ஒண்ட வேண்டும்.

ஒழுங்கு என்றால் எனக்கு உயிர். எந்தக் கிழமை யார் கூட்டுவது, யார் தண்ணீர் வைப்பது என்று கட்டம் போட்டு எழுதி, மைதாப் பசை தடவிக் கொட்டகைக் கதவில் ஒட்டினேன். மறுநாள் காலைக்குள் கோழிகள் வியாழக்கிழமை வரை தின்று முடித்திருந்தன.

தீவனத்துக்கு மட்டும் நாங்கள் கவலைப்படவே இல்லை. மீன் ஏலக்கூடத்தில் தலையும் குடலும் குவிந்து கிடக்கும். தெருவே வாளி வாளியாகக் கொண்டுவந்து கொட்டியது. கோழிகள் கொழுத்தன. பேக்கரி அண்ணாச்சி முட்டை முழுவதையும் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். வெள்ளைக்கரு மக்ரூனுக்கு, மஞ்சள்கரு கேக்குக்கு. அன்று அக்கா தெருவில் எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வாரமே அண்ணாச்சி ஒரு கேக்குப் பெட்டியோடு வந்து இறங்கினார்.

"மக்ரூன் தப்பிச்சிட்டு, மஞ்சக்கரு போட்ட கேக்கு மாட்டிக்கிட்டு. ஆத்தங்கரை ஊருக் கல்யாண வீட்டுக்காரன் அப்படியே திருப்பி அனுப்பிட்டான். மோந்து பாருங்க, சாளை மீன் கொழம்பு!"

தெருவே வரிசையில் நின்று மோந்தது. ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நான் இரண்டு முறை மோந்தேன். அக்கா ஒரு துண்டைத் தின்றே பார்த்துவிட்டு, "நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி" என்றார்.

"ஒங்களுக்கு நல்லாத்தான் இருக்கும். இன்னும் கொஞ்சம் புளி கேப்பிய!"

கோபம் தணிந்ததும் அவரே வழி சொன்னார். "மீன நிறுத்துங்க. எங்க கடை ரொட்டி ஓரத்த அள்ளிட்டு வந்து போடுங்க. வாடை போனா முட்டை எடுக்கேன். இன்னொரு மட்டம் நாறுச்சின்னா எங்க கடைப் பக்கம் வராதிய."

ரொட்டி ஓரமும் சந்தைக் கீரைக்கழிவும் போட்டோம். ஆனால் வாடை போய்விட்டதா என்று யார் சொல்வது? எங்கள் தெருவில் மீன் தின்னாதவர் மூக்கு ஒன்றுகூடக் கிடையாது. அதற்குள் அக்காவின் தம்பி வீடு பார்க்க ஆட்களைக் கூட்டிவரத் தொடங்கிவிட்டான்.

என் அலுவலகத்தில் மேலாளர் கணபதி சார் சுத்த சைவம். மீன்கூடை எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்பிவிடுவார். அவித்த முட்டை ஒன்றை டிபன் பாக்ஸில் வைத்து அவர் முன் நீட்டினேன்.

"வே, எனக்கு இது தேவையா?" என்றார்.

அக்காவின் கதையைச் சொன்னேன். டிபன் பாக்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு மோந்தார்.

"உள்ள கடலே கெடக்கு வே. மூடும், மூடும்."

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் டீ நேரத்தில் ஒரு முட்டை. அலுவலகத்தில் மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டுத் தீர்ப்புக்குக் காத்திருப்பார்கள். "பாதி வத்திட்டு" என்றார் ஒரு வாரம். கடைசியில் ஒரு சனிக்கிழமை வெகுநேரம் மோந்துவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"கடல் இல்ல வே. போயி அந்தம்மாட்ட சொல்லும்."

அரை நாள் விடுப்பு எழுதி நீட்டினேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அண்ணாச்சி மறுபடி முட்டை எடுத்தார். அக்கா தன் காலம் முடியும்வரை அந்த வீட்டிலேயே இருந்தார். இப்போது கொட்டகை இருந்த இடத்தின் மேல் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. பேக்கரிக்கு முட்டை நாமக்கல்லிலிருந்து வருகிறது. கணபதி சாரும் இல்லை.

நேற்றைய கேக்கில் கடல் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. இருந்திருந்தாலும் என் மூக்குக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை.