காலித் தொட்டிலும் எடைச் சோதனையும்

"பொதுமக்கள் கூடும் தற்காலிகக் கட்டுமானம் எதுவும், திறக்கப்படுவதற்கு முன், அது தாங்க வேண்டிய எடையை ஏற்றிச் சோதிக்கப்பட வேண்டும்." இது எங்கள் இலாகாவின் விதி. பந்தல், மேடை, காலரி ஆகியவற்றுக்கு இது பொருந்தும் என்று கீழே விளக்கமும் உண்டு. ராட்டினத்தைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. ராட்டினம் நிற்கும்போது கட்டுமானம், சுற்றும்போது இயந்திரம். விதியை எழுதியவர் அதை எந்த நிலையிலும் பார்த்ததில்லை போலும்.

நான் அப்போது திருச்சியில் உதவிப் பொறியாளன். வீடு ஸ்ரீரங்கத்தில்.

1. மோரி ஏறிய முதல் வண்டி

அறுபதுகளின் தொடக்கத்தில், கிரேன்களைப் பரிசோதிக்கும் முறையைக் கற்றுவர என்னை ஜப்பானுக்கு அனுப்பினார்கள். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த ஃபோர்மன் பெயர் மோரி. அவருடைய ஒர்க்‌ஷாப்தான் இரண்டு கேளிக்கைப் பூங்காக்களின் இயந்திரங்களையும் பராமரித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் உடன் அழைத்துப் போவார்.

ஒரு பூங்கா, பெரிய துணிக்கடை ஒன்றின் மொட்டைமாடியில் இருந்தது. அம்மாக்கள் கீழே துணி எடுக்க, பிள்ளைகள் மேலே குட்டி ரயிலில் சுற்றினார்கள். மற்றது ஊருக்கு வெளியே. அங்கேதான் ரோலர் கோஸ்டரை முதன்முதலாகப் பார்த்தேன். தண்டவாளத்தை மலை போல வளைத்து, செங்குத்தாக இறக்கி, மறுபடி ஏற்றியிருந்தார்கள். ரயில்வேயில் யாராவது இப்படித் தண்டவாளம் போட்டால் சஸ்பென்ஷன் நிச்சயம்.

கேட் திறப்பதற்கு முன்பே போய்விடுவோம். மோரி தண்டவாளத்தோடு நடந்து, ஒவ்வொரு போல்ட்டையும் சின்னச் சுத்தியலால் தட்டிச் சத்தத்தைக் கேட்பார். பிறகு இருக்கைகளில் மணல் மூட்டைகளை வைத்து வண்டியை ஓட்டுவார்கள். ஏன் மணல் என்று கேட்டேன். "மூட்டை விழுந்தால் துடைப்பம் போதும்" என்றார் தம் அரைகுறை ஆங்கிலத்தில். மூட்டைகளை இறக்கிய பிறகு அவரே முன் இருக்கையில் ஏறி உட்காருவார். கேட்டுக்கு வெளியே பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று, ஃபோர்மன் தனியாகப் போய்த் தனியாகத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு ஞாயிறு என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தார். ஏறும்போது நான் பொறியாளன். இறங்கும்போது வெறும் ஸ்ரீரங்கத்துக்காரன். ரங்கா, ரங்கா என்று கத்தியதாக மோரி பிறகு நடித்துக் காட்டினார்.

ஊர் திரும்பி, பயண அறிக்கையில் இந்தச் சோதனை முறையைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர் அதைச் சிவப்பு மையால் அடித்தார். "உம்மைக் கிரேன் பாக்க அனுப்பினா, நீர் ராட்டினம் பாத்துட்டு வந்திருக்கீர். இதை மேல அனுப்பினா என்னைய்யா நினைப்பான்?"

2. காதர் பாயின் ராட்டினம்

அந்த வருஷம் வைகுண்ட ஏகாதசியை ஒட்டி, கொள்ளிடக் கரை மணலில் பொருட்காட்சி போட்டார்கள். ராட்டினத்துக்கு அனுமதி கேட்டு வந்தவர் காதர் பாய். அதுவரை அவருடைய ராட்டினத்தை ஆட்கள்தான் சுற்றினார்கள். சக்கரத்தின் சட்டத்தில் ஏறித் தங்கள் எடையாலேயே அதைக் கீழே இழுப்பார்கள். இப்போது டீசல் எஞ்சின் மாட்டியிருந்தார். வேகம் கூடியிருந்தது. மக்கள் உட்காரும் மரத்தொட்டில்கள் தொங்கும் இரும்புப் பின்களோ பழையவைதான்.

மணல் மூட்டை ஏற்றிச் சுற்றிக் காட்டுங்கள், பிறகு கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.

"மணல் மூட்டை டிக்கெட் வாங்குமா சார்?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் குரலைத் தாழ்த்தினார். "சார், ஆள் இல்லாம தொட்டில ஆட்டச் சொல்றீங்க. காலித் தொட்டில யாரும் ஆட்டுவாங்களா? வீட்டுல மாசமா இருக்கா. இதுக்கு முன்ன ரெண்டு புள்ள பொறந்து மௌத்தாப் போச்சு. இது தங்கணும் சார்."

"மூட்டை இருக்குமே பாய். காலி இல்லையே."

"மண்ணைத் தூக்கித் தொட்டில்ல போடறது அதைவிட மோசம் சார்."

எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியரிடம் போனேன். "ரூல்ல ராட்டினம்னு இருக்கா? இல்லையே. கையெழுத்தைப் போட்டுத் தொலையும்" என்றார். ராட்டினம் தற்காலிகக் கட்டுமானமா என்று விளக்கம் கேட்டுச் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். எழுதியதைக் காரணம் காட்டிக் கையெழுத்தை நிறுத்தி வைத்தேன். அலுவலக வாழ்க்கையில் இது ஒன்றைத்தான் ஆயுதம் என்று சொல்ல முடியும்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் காதர் பாய் மறுபடி வந்தார். "சரி சார். நாளைக்குக் காலைல மூட்டை ஏத்திடறேன். வந்து பாருங்க."

மறுநாள் காலை சைக்கிளில் போனேன். தூரத்திலேயே ராட்டினம் சுற்றுவது தெரிந்தது. ஒவ்வொரு தொட்டிலிலும் மூட்டை இருந்தது. ஒவ்வொரு மூட்டையும் ஒரு மனிதனின் மடியில் இருந்தது. காந்தி மார்க்கெட்டில் சுமை தூக்குகிறவர்களை அழைத்து வந்து ஏற்றியிருந்தார். தொட்டில் காலியில்லை, மண்ணைத் தனியாகவும் போடவில்லை.

"தினம் நாம மூட்டையத் தூக்கறோம், இன்னைக்கு மூட்டையோட நம்மள ராட்டினம் தூக்குது" என்று மேலிருந்து ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். எஞ்சின் ஆள் வேகத்தைக் குறைத்தான். ஒவ்வொரு தொட்டிலாகக் கீழே கொண்டுவந்து, ஆளையும் மூட்டையையும் இறக்கினோம். கடைசியாக ஒரே ஒரு தொட்டிலில் ஆள் இருந்தது. அது காதர் பாய்.

"பாத்தீங்களா சார், ஒண்ணும் ஆகல" என்று அங்கிருந்தே சொன்னார்.

மற்ற பக்கமெல்லாம் எடை இல்லை. அவரை இறக்க எஞ்சின் மறுபடி பிடித்ததும் சக்கரம் ஒரு வெட்டு வெட்டியது. அவர் தொட்டிலின் இரும்புப் பின் முறிந்தது. தொட்டில் ஒரு பக்கமாகக் கவிழ, அவர் ஓட்டுக்கூரை உயரத்திலிருந்து மணலில் விழுந்தார். மணல் அவரைக் காப்பாற்றியிருக்கும். மடியிலிருந்த மூட்டை அவர் தொடைமேல் விழுந்தது.

3. புத்தூர்

புத்தூர் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனபோது, முழங்காலுக்கு மேல் காலை எடுத்திருந்தார்கள்.

"சாயங்காலம் கூட்டம் ஏறியிருந்தா நான் ஜெயில்ல இருந்திருப்பேன் சார். இப்பக் கட்டில்ல இருக்கேன். கட்டில் தேவலை" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவகிட்ட இன்னும் சொல்லல. பிரசவம் ஆகட்டும்."

பெண் பிறந்தது. தங்கியது.

எனக்கு ஒரு மெமோ வந்தது: விதியில் இல்லாத சோதனையை யாருடைய உத்தரவின்பேரில் நடத்தச் செய்தீர்? விதி பொருந்துமா என்று சென்னைக்கு எழுதியிருக்கிறேன், பதில் வந்ததும் விளக்கம் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். மெமோவும் நானும் பதிலுக்காகக் காத்திருந்தோம்.

இளைய பொறியாளர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். மோரியின் முறையை நான் ஒழுங்காகத்தான் கற்று வந்தேன். ஆனால் அங்கே அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ஆகவே, மறுக்கிறவரோடு எப்படி வேலை செய்வது என்பதை அங்கே கற்க முடியவில்லை. அடுத்த வருஷம் முதல், ராட்டினம் போட வந்த ஒவ்வொருவரையும் தொட்டில்களை முதலில் கழற்றச் சொன்னேன். வெறும் பின்னில் கயிறு கட்டி, மூட்டையைத் தொங்கவிட்டுச் சுற்றினோம். காலித் தொட்டில் ஆடவில்லை. பின்னுக்கு வேண்டிய எடையும் ஏறியது. கழற்றி மாட்டுகிற வேலைதான் கூடுதல். யாரும் மறுக்கவில்லை. மறுக்கிறவர் எதற்கு அஞ்சுகிறார் என்று கேட்டுவிட்டு, அதற்கு இடம் கொடுத்துச் சோதனையை அமையுங்கள். இதை எந்த விதியும் உங்களுக்குச் சொல்லாது.

விளக்கம் கேட்டு நினைவூட்டல்கள் அனுப்பிக்கொண்டே இருந்தேன். எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர் ஓய்வு பெற்றுப் போனார். காதர் பாய் மார்க்கெட் பக்கம் பெட்டிக்கடை வைத்தார். கடைசியில் சென்னையிலிருந்து ஒரு வரி வந்தது: "ராட்டினம் தற்காலிகக் கட்டுமானமே, விதி பொருந்தும்."

அது வந்து சேர்ந்தது ஜூன் மாதத்தின் முதல் திங்கட்கிழமை. காதர் பாய் கட்டையை ஊன்றிக்கொண்டு, மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டு வந்த நாள்.