அண்ணி வந்த மத்தியானம்

பெரிய வக்கீலின் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது அவளுக்கு வேலை மனு தட்டுவதுதான். ஆனால் விவாகரத்து கேட்டு வருகிறவர்கள் அவள் மேசைக்கு எதிரேதான் காத்திருக்க வேண்டும். மனசு பொறுக்காமல் அவளிடமே கொட்டிவிடுவார்கள். கேட்டது எதுவும் அவள் வாயிலிருந்து வெளியே வராது. அதனால் வக்கீல் அவளுக்கு 'பூட்டு' என்று பேர் வைத்தார்.

"பூட்டு, நீயே சட்டம் படியேன். கேஸ் கட்டை என்னைவிட நீதானே அதிகம் படிக்கிறே" என்று ஒருநாள் விளையாட்டாகச் சொன்னார். அவள் நிஜமாகவே எடுத்துக்கொண்டாள். மாலைக் கல்லூரியில் சேர்ந்தாள். பஸ்ஸில் நின்றபடி படித்து, தூங்கி விழுந்து, பக்கத்து ஆளின் தோளில் முட்டிக்கொண்ட நாட்களும் உண்டு. பாஸ் செய்து, கறுப்பு அங்கியோடு அதே அலுவலகத்துக்கு வந்த பிறகும், "பூட்டு, இதுக்கு ஒரு ஜெராக்ஸ்" என்ற குரல் மாறவில்லை. சில வருஷம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக் கடை மாடியில் ஓர் அறை பிடித்துச் சொந்தப் பலகை மாட்டினாள்.

விவாகரத்து கேஸ்கள் வந்தன. மனிதர்கள்தான் தங்கவில்லை. தீர்ப்பன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுத பெண், பிறகு கடைவீதியில் அவளைக் கண்டதும் எதிர்ப்பக்கம் தாண்டிப் போனாள். தன் கெட்ட காலத்தை யார்தான் மறுபடி முகத்துக்கு நேராகப் பார்ப்பார்கள் என்று இவள் தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு முன்பு அண்ணி போன் செய்தபோது அந்தச் சமாதானம் எடுபடவில்லை.

"தப்பா எடுத்துக்காதே. உன் தொழில் அப்படி. சம்பந்தி வீட்டுல நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. அப்புறமா ஒருநாள் வந்து பொண்ணு மாப்பிள்ளையைப் பாரேன்."

"சரி அண்ணி" என்றாள். கல்யாணத்தன்று அறையைத் திறந்து வைத்து, வராத கட்சிக்காரர்களுக்காக உட்கார்ந்திருந்தாள்.

அந்த அண்ணிதான் ஒரு மத்தியானம் மாடிப்படி ஏறி வந்து கட்சிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உங்க அண்ணன் முகம் கொடுத்துப் பேசியே ரொம்ப நாளாச்சு. வாடகைக்கு இருக்கிறவங்க மாதிரி இருக்கோம். பொண்ணும் போயிட்டா. எனக்குப் பிரிஞ்சு போகணும். நீயே பண்ணிக் கொடு."

தண்ணீர் வைத்துவிட்டு முழுதும் கேட்டாள். "நான் இதை எடுக்கக் கூடாது அண்ணி. உங்களுக்காகவும் முடியாது, அண்ணனுக்காகவும் முடியாது. நல்ல வக்கீலம்மா ஒருத்தங்ககிட்ட அனுப்புறேன்."

"அப்போ நீயும் அண்ணன் பக்கம்தான்" என்று அண்ணி எழுந்து போய்விட்டாள்.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தான். அண்ணி படியிறங்கியதை யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். "என்ன சொன்னா அவ?"

"அதை அண்ணிகிட்டயே கேளு அண்ணா."

"கூடப் பிறந்தவனைவிட உனக்குத் தொழில் பெருசாப் போச்சா?" என்று வைத்துவிட்டான்.

அன்று அவன் அண்ணியிடம் கேட்டேவிட்டான் போலிருக்கிறது. மாதங்கள் கழித்து அண்ணன் மகள்தான் கூப்பிட்டாள்.

"அத்தை, அப்பாவும் அம்மாவும் ஜோடியா ஊர் சுத்திட்டு வந்திருக்காங்க. இப்ப ரெண்டு பேரும் ஒத்துமையா சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், அத்தைகிட்ட நம்ம வீட்டு விஷயம் பேசாதேன்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷமும்தான்.

"நீயாவது ஒருநாள் இங்க வாயேன்டா."

"பார்க்கலாம் அத்தை" என்றாள் அண்ணன் மகள். பின்னால் யாரோ கூப்பிட, போனை வைத்துவிட்டாள்.