வியாழக்கிழமைக் கொலைகாரர்

என் அக்காவின் கணவர் ஹோரஸ் பிளென்கின் தன் வாழ்நாளில் முப்பத்தேழு பேரைக் கொன்றார். ஒன்பது பேரைத் தூக்கிலிட்டார். எல்லாம் மேடையில்தான். வீட்டில் எலிப்பொறி வைக்க வேண்டுமென்றால் எங்களைக் கூப்பிட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

அவர் ஸ்டாக்போர்ட்டில் ஒரு தொப்பித் தொழிலாளியின் மகன். பதினாறு வயதில் அதே தொழிற்சாலையில் நீராவிக்கு நடுவே நின்று கம்பளியை அமுக்கிக்கொண்டிருந்தவர். ஊருக்கு ஒரு நாடகக் குழு வந்தது. அதில் வெட்டியான் வேஷக்காரர் குடித்துவிட்டு எங்கோ விழுந்து கிடந்தார். சீட்டு வாங்க வரிசையில் நின்ற ஹோரஸின் நீண்ட முகத்தையும் குழி விழுந்த கண்களையும் பார்த்த மேலாளர், அவரைக் கையோடு உள்ளே இழுத்துப் போனார். அன்று தொடங்கியது. சிறை அதிகாரி, சவப்பெட்டி செய்பவன், எதையோ மறைக்கும் பட்லர் என்று முப்பது வருடத்துக்கு மேல் ஓடியது. ஒரு நாடகத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் அவர் நின்றதில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் அரங்கில் யாரும் இருமமாட்டார்கள்.

ஓல்டம் நாடக அரங்கில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்த என் அக்கா எட்னாவை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலில் கட்டிக்கொண்டார். குழந்தை இல்லை. நானும் அவர்கள் வீட்டிலேயே இருந்தேன். ஊர் ஊராகத் திரிந்தாலும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்துவிடுவார்.

ஐம்பத்தேழாம் வருடம் தொலைக்காட்சி அவரைக் கூப்பிட்டது. மான்செஸ்டரிலிருந்து வியாழன்தோறும் மாலை எட்டு மணிக்கு ஒரு தொடர். மருந்துக்கடைக்காரன் ஒருவன் தன் மனைவிக்குத் தினமும் பாலில் கொஞ்சம் கொஞ்சமாக ஆர்செனிக் விஷம் கலந்து கொடுக்கிறான். அந்த மருந்துக்கடைக்காரன்தான் ஹோரஸ். ஐம்பத்திரண்டு வயதில் முதல் முறையாகத் தெருவில் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். இறைச்சிக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "பிளென்கின், ஈரல் வேணுமா, இல்ல வீட்லயே எடுத்துக்குறியா?" என்பார். ஹோரஸ் கூச்சத்தோடு தொப்பியைத் தொடுவார்.

வசனத்தை வீட்டில்தான் மனப்பாடம் செய்வார். மனைவியின் பேச்சை எட்னா படிப்பாள். சமையலறை மேஜைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவர்.

"இன்னிக்கு ஏதோ கசக்குதே."

"ஒண்ணுமில்ல கண்ணு. ஆறதுக்குள்ள குடிச்சிடு."

இதைக் கேட்டு நாங்கள் மூவரும் சிரித்திருக்கிறோம். செப்டம்பர் வரைக்கும்.

செப்டம்பரில் எட்னாவுக்கு வாந்தி ஆரம்பித்தது. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். கவுன் தோளிலிருந்து நழுவ ஆரம்பித்தது. வெயிலே பார்க்காத அந்த இலையுதிர் காலத்தில், கடற்கரையில் ஒரு மாதம் கிடந்துவிட்டு வந்தவள் போல அவள் முகமும் கையும் கறுத்துக்கொண்டே வந்தன. எங்கள் வழக்கமான டாக்டர், "இந்த வயசுல பொம்பளைங்களுக்கு வர்றதுதான்" என்று சொல்லிச் சத்து மருந்து எழுதிக் கொடுத்தார்.

தொடரிலும் அந்த மனைவி இளைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வாந்தி. அவளுக்கும் தோல் கறுத்தது.

இறைச்சிக் கடைக்காரர் ஜோக் அடிப்பதை நிறுத்திவிட்டார். ஹோரஸ் உள்ளே போனால் பேச்சு அடங்கியது. பக்கத்து வீட்டுத் திருமதி கிளெக் என்னை வேலிக்கு அருகே கூப்பிட்டாள்.

"வின்னி, உங்கக்காவுக்கு ராத்திரி பால் யாரு காய்ச்சித் தர்றா?"

"அவருதான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவருதான். ஏன்?"

"சும்மா கேட்டேன்" என்று அவள் துணி காயப்போடப் போய்விட்டாள்.

அன்று முதல் என்னால் அவரை இயல்பாகப் பார்க்க முடியவில்லை. அவர் கிண்டுகிற கரண்டியைப் பார்த்தேன். சர்க்கரை டப்பாவை முகர்ந்து பார்த்தேன். என்னை நானே திட்டிக்கொண்டேன். மறுநாளும் முகர்ந்தேன்.

அக்டோபர் கடைசியில் ஒரு மாலை எட்னாவின் அறைக்குள் போனபோது, அவள் படுக்கையிலிருந்து எட்டிப் பாலைக் கணப்புக்கு வைத்திருந்த கரி வாளிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கோப்பையைச் சட்டென்று நிமிர்த்தினாள்.

"அவருகிட்ட சொல்லாத வின்னி."

"ஏன்க்கா ஊத்துற?"

"தெரியல. கிறுக்குத்தனம்தான். ஆனா அவரு அந்தக் குரல்ல பேசுறப்ப..." அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோப்பையில் இரண்டு விரல் பால் மிச்சமிருந்தது. அதை ஊறுகாய் ஜாடி ஒன்றில் ஊற்றி மூடி, மறுநாள் காலை போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த சார்ஜண்ட் முதலில் சிரித்தார். "நானும் வியாழக்கிழமை பாக்குறவன்தாம்மா." எட்னாவின் தோல் நிறத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. ஜாடியை வாங்கி வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். கதவைத் திறந்தது ஹோரஸ்தான். முன்னறையில் ஒரு மணி நேரம் பேசினார்கள். போகும்போது இன்ஸ்பெக்டர் சர்க்கரை டப்பாவையும் எலி மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போனார். ஹோரஸ் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"யாரு சொன்னது?"

"நான்தான் ஹோரஸ்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். "அவளுக்கும் அப்படித் தோணுதா?"

நான் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்தேன். அவர் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் வியாழன். அவர் நேரடி ஒளிபரப்புக்கு மான்செஸ்டர் போயிருந்தார். எட்னாவைக் கீழே சோபாவில் படுக்க வைத்திருந்தேன். "போடு வின்னி, பாக்கணும்" என்று பிடிவாதம் பிடித்தாள். எட்டு மணிக்கு அவர் முகம் திரையில் வந்தது. கையில் பால் கோப்பை வைத்த தட்டு. படுக்கையில் இருந்தவள் வேண்டாமென்று தலையசைத்தாள். அவர் மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த நேரம் என் பின்னால் ஏதோ சரிந்தது. எட்னா தரையில் கிடந்தாள். கண் மேலே சொருகியிருந்தது. கையைத் தொட்டால் ஐஸ்.

சத்தம் கேட்டு ஓடிவந்த திருமதி கிளெக், "எதையும் தொடாதீங்க, போலீஸ் பாக்கட்டும்!" என்று கத்தினாள். நான் அவளைத் தள்ளிக்கொண்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய ஓடினேன். திரையில் ஹோரஸ் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையில் அன்று வேலையில் இருந்தவர் டாக்டர் இஸ்மே என்ற இளம்பெண். நான் விஷம் பற்றி உளறியதை முழுக்கக் கேட்டார். பிறகு எட்னாவின் உள்ளங்கையை விளக்கருகே விரித்தார். கோடுகள் மை தீட்டியது போலக் கறுத்திருந்தன.

"உப்பு நிறைய கேட்டாங்களா?"

"ஆமா. ரொட்டியில கூட தூவிக்குவா."

"விஷமில்லீங்க. சிறுநீரகத்துக்கு மேல ரெண்டு சுரப்பி இருக்கு, அது செத்துக்கிட்டிருக்கு. அடிசன்ஸ் வியாதி. ஒரு வாரம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா இவ்ளோ பயப்பட வேண்டியதில்ல."

அந்த ஒரு வாரம் நான் ஜாடியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

விடிவதற்குள் ஊசியும் உப்பு நீரும் அவளைத் திருப்பிக் கொண்டுவந்தன. பவுடர் கலையாத முகத்தோடு ஓடிவந்த ஹோரஸைப் பார்த்து நர்ஸ் ஒருத்தி ஓரடி பின்வாங்கினாள். அவர் கட்டிலுக்கு அருகே போகவில்லை. எட்னா கண் திறந்து அவரைத் தேடும்வரை வாசலிலேயே நின்றார். பாலில் பாலும் சர்க்கரையும் தவிர எதுவுமில்லை என்று பத்து நாள் கழித்துப் போலீஸிலிருந்து கடிதம் வந்தது.

எட்னா தினமும் மாத்திரை விழுங்கி நன்றாக வாழ்ந்தாள். ஹோரஸும் நடித்தார். மறுபடியும் கொலைகாரர்கள்தான், வேறு எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. வசனத்தை மட்டும் தோட்டக் கொட்டகையில் தனியாகப் படித்தார். அடுப்புப் பக்கம் வருவதே இல்லை. "ஒரு டீ போட்டுத் தாயேன்" என்று எட்னா கேட்டால், "வின்னி போடுவா" என்பார். அவளும் பிறகு கேட்கவில்லை.

பல வருடம் கழித்து, மருத்துவமனை வராந்தாவில் எட்னாவுக்காகக் காத்திருந்தபோது அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நீ செஞ்சது சரிதான்" என்றார். கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்தார். "அந்த இன்ஸ்பெக்டர், 'பால்ல என்ன போட்டீங்க'ன்னு கேட்டாரு. எனக்கு உடனே பதில் வரல வின்னி. ஒரு நிமிஷம், போட்டிருப்பேனோன்னு தோணிடுச்சு. அத்தனை பேருக்குப் போட்டவன்தானே. இன்னிக்கும் சில நேரம் தோணும்."

எட்னா மருந்துச் சீட்டோடு வெளியே வந்தாள். அவர் எழுந்து அவள் கைப்பையை வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் எனக்கு முன்னால், ஒருவரையொருவர் தொடாமல், படியிறங்கிப் போனார்கள்.